எதிர்ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராயில் சனிக்கிழமை மாலைகளில், கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. வருபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக இறுதியாண்டுப் பிள்ளைகள். அவர்களில் சிலர் ஆய்வுத் திட்டத்துக்கு எதிர்ஹைட்ரஜன் அயனியை எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களுமாக உள்ள ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கைப் போட ஒரு மடிக்கணினி போதும். ஆய்வுக் கட்டுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. பக்கத்திலேயே கூலிம் தொழிற்பேட்டை இருப்பதால், அயனிக் கற்றையோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்களும் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறோம். சிலிக்கான் வில்லைகளுக்குள் அயனிகளைச் செலுத்தும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். பிள்ளைகள் விழும் பள்ளங்களில் பலவும் ஒரு காலத்தில் நானும் விழுந்தவையே. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

அலகு மாற்றும்போது ஒரு சுழியம் விடுபடுவது, அயனியின் மின்குறியை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சுட்டிக்காட்டினாலே அவை திருந்திவிடும்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோட்டானின் எதிர்ப்பொருள் இணையான எதிர்ப்புரோட்டான் ஒன்றும், எலெக்ட்ரானின் எதிர்ப்பொருள் இணையான பாசிட்ரான் இரண்டும் சேர்ந்தது எதிர்ஹைட்ரஜன் அயனி. மொத்தத்தில் அது நேர்மின் கொண்டது. மின்னேற்றம் இருப்பதால் பொறியில் பிடித்து வைத்துக் குளிர்விக்கலாம். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒரு பாசிட்ரானை லேசரால் கழற்றிவிட்டால், நடுநிலையான எதிர்ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய அசையாத நிலையிலிருந்து விழத் தொடங்கும். அது எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று அளக்கலாம். 2004இல் வால்ஸ், ஹென்ஷ் இருவரும் முன்வைத்த யோசனை இது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் ஜிபார் என்ற ஆய்வு இந்த வழியில்தான் போகிறது. 2023இல் அதே செர்னில் ஆல்ஃபா குழுவினர், எதிர்ஹைட்ரஜன் கீழ்நோக்கித்தான் விழுகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆனால் எந்த முடுக்கத்தில் விழுகிறது என்பதை மிகத் துல்லியமாகச் சொல்ல, இன்னும் குளிர்ந்த அணு வேண்டும். அயனி வழியின் அவசியம் அங்கேதான் இருக்கிறது.

அயனி இரண்டு படிகளில் உண்டாகிறது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் குறுகிய ஆயுள் கொண்ட அமைப்புக்குப் பாசிட்ரோனியம் என்று பெயர். பாசிட்ரோனிய மேகத்துக்குள் எதிர்ப்புரோட்டானைச் செலுத்தினால், அது ஒரு பாசிட்ரோனியத்திடமிருந்து பாசிட்ரானைப் பறித்துக்கொண்டு எதிர்ஹைட்ரஜன் அணுவாகிறது. அந்த அணு அதே மேகத்தில் இன்னொரு பாசிட்ரோனியத்தைச் சந்தித்து இரண்டாவது பாசிட்ரானையும் பறித்தால் அயனி. 2022இல் ஜிபார் குழுவினர் 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எதிர்ப்புரோட்டான்களை வைத்து முதல் படியை நடத்திக் காட்டினார்கள்.

இரண்டாம் படியை நிலையான எண்ணாக எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மற்றவை எண்களைக் கெடுக்கும். இதுவோ எங்கே உழைக்க வேண்டும் என்ற முடிவையே கெடுத்துவிடும்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி தன் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். படுத்த அச்சில் பாசிட்ரோனிய அடர்த்தி, நின்ற அச்சில் அயனி எண்ணிக்கை. நடுவில் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் ஒரு நேர்கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம்: எதிர்ப்புரோட்டான் எண்ணிக்கைக்கு எதிராக அயனி எண்ணிக்கை. அதுவும் நேர்கோடு.

"அக்கா, இரண்டும் ஒரே அளவுக்குத்தான் பலன் தருகின்றன. எதிர்ப்புரோட்டான் கற்றையைக் குவிப்பது சுலபமாகத் தெரிவதால் நான் அதை எடுத்துக்கொண்டேன்" என்றாள்.

அவள் நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் படிக்கான வாய்ப்பு, அடர்த்தியிலிருந்து ஒழுங்காகக் கணக்கிடப்பட்டிருந்தது. அடுத்த வரியில் இரண்டாம் படிக்கான வாய்ப்பு: 0.0001. எங்கோ ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து வெறும் எண்ணாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அடர்த்தியை எப்படி மாற்றினாலும் அந்த வரி அசையாது. ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் அந்த ஒற்றை வரியின் மேல் நின்றிருந்தது. அவள் கெட்டிக்காரி, சோம்பேறி அல்ல. அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகமானது.

பாசிட்ரோனியம் இந்தக் கணக்கில் இரண்டு முறை வருகிறது. முதல் படியின் வாய்ப்பும் அடர்த்தியைப் பொறுத்தது, இரண்டாம் படியின் வாய்ப்பும் அடர்த்தியைப் பொறுத்தது. ஆகவே விளைச்சல் அடர்த்தியின் வர்க்கத்தைப் பின்பற்றும். எதிர்ப்புரோட்டானை இரட்டிப்பாக்கினால் அயனி இரண்டு மடங்கு, பாசிட்ரோனியத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் நான் பயன்படுத்தும் தோராய எண்கள் இவை. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு லட்சம் கோடி பாசிட்ரோனியம், மேகத்தின் நீளம் ஒரு சென்டிமீட்டர், உள்ளே நுழையும் எதிர்ப்புரோட்டான் ஒரு கோடி. முதல் படிக்கு 1,000இல் ஒரு வாய்ப்பு என்று வைத்தால் 10,000 எதிர்ஹைட்ரஜன் அணுக்கள் கிடைக்கும். மேகத்தை முழுதாகக் கடக்கும் அணுவுக்கு இரண்டாம் படியில் 10,000இல் ஒரு வாய்ப்பு. ஆனால் அணுக்கள் மேகத்தின் வாசலில் பிறப்பதில்லை. வழியில் எங்கெங்கோ பிறக்கின்றன. சராசரியாகப் பாதித் தூரம்தான் அவற்றுக்கு மிச்சம். எனவே ஒரு பாதியைப் பெருக்க வேண்டும். கடைசியில் கைக்கு வருவது அரை அயனி, அதாவது இரண்டு வீச்சுக்கு ஒன்று (எதிர்ப்புரோட்டான்களை ஒரு முறை செலுத்துவது ஒரு வீச்சு). அந்தப் பாதியை மறப்பவர்களும் நிறையப் பேர். அது இரண்டு மடங்குப் பிழை, அவ்வளவுதான். வர்க்கத்தை மறப்பதோடு ஒப்பிட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது காலத்தைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் தவறு இன்னும் ஆழமாகிறது. பாசிட்ரோனியத்தின் இரு வகைகளில் கூடுதல் நேரம் தாங்குவதான ஆர்த்தோ பாசிட்ரோனியத்தின் சராசரி ஆயுள் வெற்றிடத்தில் 142 நானோவினாடி. மேகம் பிறந்து 100 நானோவினாடி கழித்து எதிர்ப்புரோட்டான் வந்தால், அடர்த்தி ஏறக்குறைய பாதியாகியிருக்கும். விளைச்சல் பாதியாகாது. கால்பங்குக்கு இறங்கிவிடும்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த மாணவியே சொன்னாள்: "எங்கள் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்பே மரத்தடியில் நிற்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பால் வடியாது என்பார்." அதேதான். எத்தனை பேரை வேலைக்கு அனுப்பினோம் என்பதைவிட எந்த நேரத்தில் அனுப்பினோம் என்பது பெரிது.

6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் எதிர்ப்புரோட்டானின் வேகம் ஒரு நானோவினாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் மேகத்தைப் பத்து நானோவினாடிக்குள் கடந்துவிடும். எனவே ஒரு தனி எதிர்ப்புரோட்டானுக்கு மேகம் உறைந்து நிற்பதுபோல்தான். பிரச்சினை, எதிர்ப்புரோட்டான்கள் தனித்தனியாக வராமல் நீண்ட கொத்தாக வருவதில் இருக்கிறது. கொத்தின் நீளம் 300 நானோவினாடி, அதன் முன்நுனி மேகம் பிறக்கும் கணத்தில் நுழைகிறது, கொத்து முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறது என்று வைப்போம். அடர்த்தியின் சராசரி, தொடக்க அளவில் 0.416. இதை அப்படியே விளைச்சலில் பெருக்குபவர்கள் ஒரு வகை. வர்க்கம் என்று நினைவு வந்து 0.416ஐ வர்க்கப்படுத்தி 0.173 என்று எழுதுபவர்கள் இன்னொரு வகை. இரண்டும் தவறு. ஒவ்வொரு கணத்திலும் அடர்த்தியை வர்க்கப்படுத்திவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 0.233. நம் அரை அயனி இப்போது ஒன்பது வீச்சுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அதே கொத்தை 50 நானோவினாடிக்குள் இறுக்கினால் அந்த எண் 0.718 ஆகிறது. ஒரு எதிர்ப்புரோட்டான்கூடக் கூடுதலாகச் சேர்க்காமல் மூன்று மடங்கு லாபம். இறுக்கும்போது பாதி எதிர்ப்புரோட்டான்கள் சிதறிப்போனாலும் ஒன்றரை மடங்கு லாபம் நிற்கும். எதிர்ப்புரோட்டானை இழந்தும் அயனி கூடும் என்பதை நேர்கோட்டுப் படம் ஒருபோதும் காட்டாது. கொத்தைக் காலத்தில் இறுக்கினால் ஆற்றல் பரவல் அகலமாகும் என்பதையும் உடன் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அயனியைப் பிடிக்கும் இடத்தில் அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

இடத்தைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். "மேகத்தை நீளமாக்கினால் இரண்டாவது மோதலுக்கு இடம் கிடைக்குமே" என்று பலர் கேட்கிறார்கள். கையிலுள்ள பாசிட்ரோனிய எண்ணிக்கை மாறாதபோது, நீளத்தை இரட்டிப்பாக்கினால் அடர்த்தி பாதியாகும். எதிர்ப்புரோட்டான் தன் பாதையில் சந்திக்கும் மொத்தம் மாறாது. அந்த மொத்தத்தைத் தீர்மானிப்பது மேகத்தை அடைத்து வைக்கும் குழாயின் வாய்ப் பரப்பு மட்டுமே. 2 மில்லிமீட்டர் சதுர வாயை 1 மில்லிமீட்டர் சதுரமாகக் குறுக்கினால், பாதையில் சந்திக்கும் பாசிட்ரோனியம் நான்கு மடங்கு, அயனி பதினாறு மடங்கு. எதிர்ப்புரோட்டான் கற்றையும் பாசிட்ரான் கற்றையும் அந்தச் சிறு வாய்க்குள் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே கற்றையைக் குவிக்கும் வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த மாணவி செய்த குவிப்புக் கணக்கு முழுவதும் இந்த இடத்தில் உயிர்பெற்றது. குவிப்பது எதிர்ப்புரோட்டானைக் கூட்டுவதற்காக என்று எழுதியிருந்ததைக் குழாயைக் குறுக்குவதற்காக என்று மாற்றினாள். அவள் புதிதாகப் போட்ட வரைபடம் மேல்நோக்கி வளைந்து எழுந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எதிர்ப்புரோட்டான் நம் விருப்பத்துக்குக் கிடைப்பதில்லை. செர்னில் எதிர்ப்புரோட்டான்களை மெதுவாக்கித் தரும் எலீனா வளையம் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், ஒரே சமயத்தில் நான்கு ஆய்வுகள்வரை பகிர்ந்து தருகிறது. கிடைக்கும் பங்கு அவ்வளவுதான். பாசிட்ரான் அப்படியல்ல. அந்த இரண்டு நிமிட இடைவெளியில் பொறியில் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். நம் கைக்கு எட்டும் பொருளே வர்க்கமாகப் பலன் தருகிறது என்ற நல்வாய்ப்பை, நிலையான எண்ணாக எழுதப்பட்ட ஒரு வரி மறைத்துவிடுகிறது.

பாராவையும் சேர்த்து எண்ணுவது

பாசிட்ரோனியத்தில் நான்கில் ஒரு பங்கு பாரா வகை. அது 0.125 நானோவினாடியில் அழிந்துவிடும். மூன்று பங்கைத்தான் எண்ண வேண்டும். வர்க்கம் இங்கேயும் உண்டு: விளைச்சல் 9/16.

வலுவான காந்தப்புலத்தை மறப்பது

ஆர்த்தோவின் மூன்று உள்நிலைகளில் ஒன்று பாராவோடு கலந்து சீக்கிரம் சாகும்.

லேசரைப் போட்டால் விளைச்சல் கூடியே தீரும் என்று நம்புவது

லேசரால் பாசிட்ரோனியத்தை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றினால் அயனி எளிதாகப் பிறக்கும் என்ற இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பாசிட்ரோனியத்தின் பிணைப்பு ஆற்றல் தரைநிலையில் 6.8 எலெக்ட்ரான் வோல்ட். மூன்றாம் நிலைக்கு ஏற்றினால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 0.756. எதிர்ஹைட்ரஜன் அயனியில் கூடுதல் பாசிட்ரான் ஒட்டியிருக்கும் பிணைப்பு 0.754. இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் கிளர்ந்த நிலைக்கு ஆயுள் உண்டு. 243 நானோமீட்டர் ஒளியால் 2பி என்ற இரண்டாம் நிலைக்கு ஏற்றிய பாசிட்ரோனியம் சுமார் 3.2 நானோவினாடியில் ஒளியை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். அதற்குள் நம் எதிர்ப்புரோட்டான் மூன்று மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். "முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடலாம்" என்ற திட்டம் அங்கேயே முடிந்துபோகிறது. 410 நானோமீட்டர் ஒளியின் இரண்டு ஃபோட்டான்களால் (ஒளித்துகள்களால்) எட்டப்படும் 3டி என்ற மூன்றாம் நிலை இதைவிடப் பத்து மடங்கு தாங்கும். அப்போதும் லேசர் துடிப்பும் எதிர்ப்புரோட்டான் கொத்தும் ஒரே நேரத்தில் மேகத்தில் இருந்தாக வேண்டும்.

கிளர்வு நிலையையும் எதிர்ப்புரோட்டானின் ஆற்றலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்பாட்டுக் கணக்குகளின்படி, கிளர்வினால் வரும் லாபம் ஒன்று, இரண்டு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் போன்ற குறைந்த ஆற்றல்களில்தான் பெரிது. 6 கிலோவுக்கு எழுதிய நிரலில் பாசிட்ரோனிய நிலையை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் வரும் விடைக்குப் பொருளில்லை. ஆற்றலைக் கால்பங்காக்கினால் வேகம் பாதியாகும். கற்றையைக் குவிப்பதும் கொத்தை இறுக்கமாக வைத்திருப்பதும் கடினமாகும். ஒரு பக்கம் கூட்டிய லாபத்தை இன்னொரு பக்கம் எவ்வளவு கழிக்கிறோம் என்று பார்க்காமல் லேசருக்குக் கைதட்டக் கூடாது.

கடைசியாக, பலரும் எழுதவே எழுதாத ஒரு வரி. அயனியின் கூடுதல் பாசிட்ரானைக் கழற்ற 0.754 எலெக்ட்ரான் வோல்ட் போதும். 410 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட் சுமக்கிறது, 243 நானோமீட்டர் ஃபோட்டான் சுமார் 5.1. மேகத்தைக் கிளறிவிடும் அதே ஒளி, மேகத்துக்குள் பிறந்த அயனியை அங்கேயே உடைக்கவும் வல்லது. லேசர் வலிமையை ஏற்றிக்கொண்டே போனால் விளைச்சல் ஓரிடத்தில் திரும்பி இறங்க வேண்டும். உங்கள் வரைபடம் இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த இழப்பு நிரலில் இல்லை என்று பொருள்.

பொருளில் சோதித்ததை எதிர்ப்பொருளுக்கு அப்படியே பெயர்ப்பது

எதிர்ப்புரோட்டானுக்குப் பதில் புரோட்டானை வைத்து ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கம். புரோட்டானும் பாசிட்ரோனியமும் மோதி ஹைட்ரஜன் உண்டாவது 1997இலேயே அளக்கப்பட்டுவிட்டது. அணு வினையின் எண்கள் இரு பக்கமும் ஒன்றே. ஒன்றாக இல்லாதது சுற்றியுள்ள எச்ச வாயு.

புரோட்டான் குழாயில் செல்லும்போது, மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகளிடமிருந்தே எலெக்ட்ரானைப் பறித்து ஹைட்ரஜனாகும், மேலும் ஒன்றைப் பறித்து எதிர்மின் அயனியாகவும் ஆகும். பாசிட்ரோனியமே இல்லாமல் அயனி தென்படும். எதிர்ப்புரோட்டானுக்கு அந்த வழி கிடையாது, ஏனென்றால் வாயுவில் பாசிட்ரான் இல்லை. எங்கள் வகுப்புத் தம்பி ஒருவன் புரோட்டானுக்கு எழுதிய நிரலில் மின்குறிகளை மட்டும் மாற்றி எதிர்ப்புரோட்டானுக்கு ஓட்டினான். வாயுவிடமிருந்து பறிக்கும் வரியும் கூடவே வந்துவிட்டது. வெற்றிடம் கெடக் கெட எதிர்ஹைட்ரஜன் அயனி பெருகுவதாக ஓர் அழகான வளைகோடு கிடைத்தது. கோடு வழவழப்பாக இருந்ததால் அவனுக்குச் சந்தேகம் எழவில்லை. வெற்றிடக் குழாய்களோடு வேலை செய்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் பதறிவிடுவார்கள். வாயு எதிர்ப்பொருளுக்குச் செய்வது ஒன்றுதான்: அழிப்பது.

ஒத்திகையில் பாசிட்ரோனியம் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை அளந்து கழியுங்கள். எதிர்ப்பொருள் நிரலைப் புதிதாக எழுதுங்கள்.

அயனியை நேரடியாக லேசரால் குளிர்விக்க நினைப்பது

முடியாது. அதற்குப் பிணைந்த நிலை ஒன்றே ஒன்று. ஏறி இறங்கப் படி இல்லை.

பிறந்த அயனியைக் கிடைத்த அயனியாக எழுதுவது

மேகத்திலிருந்து வெளியே வரும்போது மூன்றும் கலந்து வருகின்றன. மின்புலத்தில் எதிர்ப்புரோட்டான் ஒரு பக்கம் வளையும், அணு நேராகப் போகும், அயனி மறுபக்கம் வளையும். பிரிப்பது சிரமமில்லை. ஆனால் அந்த அயனி இன்னும் 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மெதுவாக்கிப் பொறிக்குள் விட வேண்டும். கொத்தை இறுக்கியபோது அகன்ற ஆற்றல் பரவல் இங்கே வந்து நிற்கும். பொறி ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அகலத்துக்கு வெளியே உள்ள அயனி, பிறந்தும் பயனில்லாத அயனி.

பொறிக்குள் அதைக் குளிர்விக்க, லேசரால் குளிர்வித்த பெரிலியம் அயனிகளின் நடுவே விடுகிறார்கள். இரண்டும் நேர்மின் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், எதிர்ப்பொருள் பொருளைத் தொட்டு அழியாது. ஆனால் பெரிலியத்தின் நிறை 9, நம் அயனியின் நிறை 1. நிறை வேறுபாடு பெரிதாக இருப்பதால் வெப்பம் எளிதில் கைமாறாது. அதனால் இடையில் நிறை 3 கொண்ட, ஹைட்ரஜனும் டியூட்டிரியமும் சேர்ந்த மூலக்கூறு அயனியைத் துணைக்கு விடும் யோசனை வந்தது. பெரிலியத்தைக் குளிர்விக்கும் 313 நானோமீட்டர் ஒளியும் நம் அயனியை உடைக்கக் கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். குளிர்வதற்கு எடுக்கும் நேரம், உடைவதற்கு எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும்.

ஆகவே உங்கள் அட்டவணையில் கடைசி நெடுவரிசைக்கு "குளிர்ந்து பொறியில் நிற்கும் அயனி" என்று தலைப்பிடுங்கள். கொத்தின் நீளம், குழாயின் வாய், எதிர்ப்புரோட்டானின் ஆற்றல், லேசரின் வலிமை ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி, அந்த நெடுவரிசையின் எண் எப்போது கூடுகிறது என்று பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது அந்த அட்டவணையைக் கொண்டுவாருங்கள், வரைபடம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.